மணிக்கூண்டு தெரியும் வளைவு

1

நேற்று ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் முன்னால் வாயடைத்துப் போய் நின்றேன். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கண்டிக்குப் போனவன் என்றாலே ஊரில் உள்ளவர்கள் தோட்டம், கங்காணி, கொழுந்துக் கூடை என்றுதான் நினைக்கிறார்கள். நான் தோட்டத்தில் இருந்தது முதல் இரண்டு வருஷம் மட்டும். அதற்குப் பிறகு இன்றுவரை குதிரை வண்டிதான். கொழும்பில் கப்பல் நிற்கிற இரண்டு மூன்று நாளுக்குள் கண்டியைப் பார்த்துவிட வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் ரயிலேறி வருகிறார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு, ஏரியைச் சுற்றி, குன்றின்மேல் வளைந்து ஏறும் சாலையில் போய், எங்கே நிறுத்தினால் எது தெரியுமோ அங்கே நிறுத்துவது என் வேலை. இறங்கிப் பார்ப்பார்கள். சிலர் அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் காட்டுக்குள் நடந்துவிட்டு வருவார்கள். அவர்கள் வரும்வரை நான் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டு நிற்பேன். மலையைப் பார்ப்பதற்கென்றே கடல் தாண்டி வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று நம்மூரில் சொன்னால் சிரிப்பார்கள். சொன்னேன், சிரித்தார்கள். அது பின்னால் வரும்.

நேற்றைய சீமாட்டி வயதானவள், நல்ல குணம். மேல் வளைவில் நின்று ஏரியைப் பார்த்துவிட்டு, உன் ஊரிலும் இப்படி ஓர் இடம் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். அங்கே நின்றால் என்ன தெரியும் என்று கேட்டாள்.

பல வருஷமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. இதைவிடப் பெரிய மலை, இதைவிட நீளமான சாலை, ஒரு வளைவில் நின்றால் கூடலூர் முதல் கம்பம் வரை பள்ளத்தாக்கு முழுக்கக் காலடியில் கிடக்கும், ஆறு, கண்மாய்கள், தென்னந்தோப்புகள், எங்கள் கோயிலின் மணிக்கூண்டு என்று மூச்சுவிடாமல் சொல்வேன். நேற்று ஒரு சொல் வரவில்லை. குதிரையின் வாய்க்கயிற்றைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொண்டேன். போன வருஷம் இதே நாளில்தான் அந்த வளைவுக்குப் பக்கத்தில் வரை போய்த் திரும்பி வந்தேன். அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. தீராது என்றே நினைக்கிறேன்.

2

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வளைவை நான் பார்த்ததே இல்லை.

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்தில் சின்ன ஊர். வேதக்காரக் குடும்பங்கள், அதாவது எங்களைப் போன்ற கிறிஸ்தவர்கள், கொஞ்சம், கவுண்டமார் குடும்பங்கள் அதிகம். எல்லோருக்கும் நெல் வயலில்தான் வேலை. குமுளி மலை கண்ணெதிரே நிற்கும். ஆனால் வேலை இல்லாமல் யாரும் அதில் ஏற மாட்டார்கள். மேலே காய்ச்சல் வரும், யானை வரும், எதற்கு வீணாக? வண்டிக்காரர்கள் மட்டும் ஏறுவார்கள். கம்பம் சந்தையில் அவர்கள் பேசியதைக் கேட்டுத்தான் அந்த வளைவு எனக்குத் தெரியும். பதினெட்டு வயதில் கண்டிக்கு வந்துவிட்டேன்.

என் மகள் ரோசம்மாள் கண்டியில் பிறந்தவள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது வெள்ளைக்காரர்கள் இல்லாத நாளில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். ஒருநாள் மேல் வளைவில் நின்று, "அப்பா, உங்கட ஊரில இப்படி இருக்கோ?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாளிடம் வளர்ந்ததால் அவள் பேச்சு அப்படித்தான் இருக்கும். இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சந்தையில் கேட்டதை நான் பார்த்ததாகச் சொன்னேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். கண்டியில் நாங்கள் பூசைக்குப் போகும் கோயிலில் உயரமான மணிக்கூண்டு உண்டு, உச்சியில் காற்றுக்குத் திரும்பும் இரும்புச் சேவல் உண்டு. எங்கள் ஊர்க் கோயிலிலும் மணிக்கூண்டு உண்டா என்று கேட்டாள். பெரிசாக உண்டு, மலையிலிருந்து பார்த்தால் வெள்ளையாகத் தெரியும் என்றேன். என் மனைவி பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்தப் பக்கத்துக்காரிதான். எங்கள் கோயில் ஒரு கூரைக் கட்டடம் என்றும், மணி வாசல் புளியமரத்துக் கொம்பில் கட்டித் தொங்குகிறது என்றும் அவளுக்குத் தெரியும்.

அவள் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. நான் விடிந்ததும் லாயத்துக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வருவேன். பதினொரு வயதுப் பெண் பிள்ளை, வளர்கிற பருவம், பகலெல்லாம் தனியாக. யாழ்ப்பாணத்து அம்மாளும் மகன் வீட்டுக்கே போகப் போவதாகச் சொல்லிவிட்டாள். வேறு வழி தெரியவில்லை. ஊரில் என் அக்கா அந்தோணியம்மாளிடம் விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

ரோசம்மாள் அழவில்லை. பேரம் பேசினாள். "நீங்கள் சொன்ன அந்த இடத்தைக் காட்டுங்கோ. அது நீங்கள் சொன்ன மாதிரி இருந்தால் நான் அங்க இருக்கிறன். இல்லையெண்டால் உங்களோட திரும்பி வருவன்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். சந்தையில் கேட்டது பொய்யாக இருக்காது, வளைவு என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும் என்பது என் தைரியம்.

3

பிரயாணத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. கப்பலில் வாந்தி, தூத்துக்குடியில் டாக்டர் முன்னால் வரிசையில் நின்று நாக்கை நீட்டல், அம்மையநாயக்கனூர் வரை ரயில், அதன் பிறகு மாட்டு வண்டியில் முதுகெலும்பு கழன்று போகும் அளவுக்குக் குலுக்கல். தேனியைத் தாண்டும்போது ரோசம்மாள், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பதையே விட்டுவிட்டாள்.

ஊருக்குள் வண்டி நின்றதும் அக்கா ஓடி வந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிள்ளை அவள் தோளுக்கு மேலாகக் கோயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, மணிக்கூண்டு எங்கே?" என்று கேட்டாள்.

புளியமரத்தில் மணி தொங்குகிறது. ஆடு ஒன்று அதன் கீழே படுத்திருக்கிறது. 

"கிட்ட நின்றால் தெரியாது. மலையிலிருந்து பார்த்தால்தான் தெரியும்" என்றேன்.

இப்படி ஒரு பதிலை மடையன்கூடச் சொல்ல மாட்டான். அவள் மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்று முழுக்கப் பேச்சே தகராறாக இருந்தது. "ஒங்க அய்யா அங்கன எப்படித்தா இருக்காக?" என்று அக்கா கேட்டதற்கு, "அப்பா ஊரைப் பற்றி நிறையக் கதைப்பார்" என்றாள். பேசுவார் என்று பொருள். அக்கா தலையில் அடித்துக்கொண்டு, "ஆமா ஆத்தா, சின்னப் பிள்ளையில இருந்தே அவன் கதை விடுறவன்தான்" என்றாள். பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

சாப்பிடும்போது அக்கா, "நாளைக்கு மாமா ஒங்களக் கணவாய்க்குக் கூட்டிட்டுப் போவாக" என்று சொன்னாள். ரோசம்மாள் முகம் மலர்ந்து, "கணவாயோ? எனக்கு நல்ல விருப்பம். உறைப்பாக் கறி வைப்பீங்களோ?" என்று கேட்டாள். கடலோரத்தில் கணவாய் என்பது ஒரு மீன். கண்டிச் சந்தையில் அது கருவாடாக வந்து தொங்கும். மலை இடுக்கு வழிக்கும் அதே பெயர் என்று நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. அக்காவுக்கோ கடலே தெரியாது. மலையைக் கறி வைத்துத் தின்னக் கேட்கும் பிள்ளையைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்காவின் கணவர், என் மச்சான், சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். பிள்ளை சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

என்ன செய்தால் இவள் இங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வளைவு ஒன்றுதான் மிச்சம்.

4

அக்கா வீட்டுக்காரர் சவரிமுத்து, மலைக்குச் சுண்ணாம்பு ஏற்றிப் போகும் வண்டிக்காரர். மேலே அணை வேலை நடக்கிறதல்லவா? நம் ஆட்கள் நூற்றுக்கணக்கில் அங்கே கிடக்கிறார்கள், காய்ச்சலில் ஓடி வந்தவர்களும் உண்டு. மச்சான் வாரத்தில் இரண்டு நடை போவார். எங்களுக்காக அன்று சரக்கு ஏற்றாமல் வெறும் வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்துக்கொண்டு வந்தார். அவருக்கும் சிரிப்புத்தான்.

"மாப்ள, தப்பா நெனைக்காதீக. மலைய என்னத்துக்கு மெனக்கெட்டுப் பாக்கணும்? நான் பத்து வருசமா ஏறி எறங்குறேன், ஒருநா நின்னு பாத்தது இல்ல. மாட்டப் பாக்கவே நேரம் சரியாப் போகும்."

"அந்த வளைவு இருக்கிறது அல்லவா மச்சான்?" என்று பிள்ளைக்குக் கேட்காமல் கேட்டேன்.

"வளைவா? எம்புட்டோ வளைவு இருக்கு. ஆனா ஒண்ணு இருக்கு, காவல் சங்கிலிக்கு மேல ரெண்டாவது. அங்கனதான் அகலம். வண்டிய நிப்பாட்டி மாட்டுக்குத் தண்ணி காட்டுவோம். பள்ளத்துப் பக்கம் வெள்ளக் கல்லுச் செவரு போட்டிருக்கும்."

எனக்கு உயிர் வந்தது. அதுதான், அதுவேதான் என்று பிள்ளையிடம் சொன்னேன்.

அடிவாரத்தில் கேம்பு போட்டிருக்கிறார்கள். அதன் வாசலில் ஒரு கொட்டகை. மேலே போகிற ஒவ்வொரு வண்டிக்கும் அங்கே சீட்டு எழுதி வாங்க வேண்டும். எழுதுகிற ரைட்டர் ஒல்லியான மனிதர், காதில் பேனா. சீட்டில் மூன்று கட்டங்கள் உண்டு. சரக்கு, வேலை, ஆள். ஏதாவது ஒன்றை நிரப்பாமல் வண்டி போகாது.

"சரக்கு?"

"இல்லை."

"வேல?"

"இல்லை."

"பெறகு என்னத்துக்கு மலைக்கு?"

"மலையைப் பார்க்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கொட்டகைக்குள் இருந்த இன்னும் இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"மலைதான் இங்கனயே தெரியுதே. பாத்துக்கிரும்."

"மேலே நின்று பள்ளத்தாக்கைப் பார்க்க."

"பள்ளத்தாக்குக்குள்ளதானய்யா நிக்கிறீரு? இதுக்கு மேல என்னத்தப் பாக்கணும்? மங்கலதேவி கோயிலுக்கா? அது சித்திரையிலதான வரும்."

"நாங்கள் வேதக்காரர்கள்" என்றேன்.

"அப்பச் சாமியும் இல்ல" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

கண்டியில் பதினைந்து வருஷமாக நான் செய்கிற தொழிலே இதுதான், மலையைக் காட்டுவது. அதற்கென்று சீமையிலிருந்து வருகிறார்கள் என்று விளக்கினேன். அதற்குத்தான் நான் முன்பு சொன்ன சிரிப்பு. கோபத்தில் எனக்குத் தமிழும் இங்கிலீசும் சிங்களமும் கலந்து வந்தது. பிள்ளை வண்டியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் சுண்ணாம்பு வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. மச்சானுக்குப் பொறுக்கவில்லை.

"சாமி, மேல ஒரு ஆளப் பாக்கப் போறாக. அப்படியே போட்டு விடுங்க" என்றார்.

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? ஆளப் பாக்கப் போறவரு மலையப் பாக்கணும்கிறாரு. எந்த ஊரு?"

"கண்டி" என்றேன்.

அவர் எழுதிக் கொடுத்ததை மச்சானுக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்தேன். ஆனால் வண்டி போகிறதே என்ற சந்தோஷத்தில் அதைப் பற்றி யோசிக்கவில்லை. ஊர் கண்டி. ஆள் பார்க்க. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

5

ஏறும்போது நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். மூடவில்லை. கண்டியில் வண்டி ஓட்டுகிறவனுக்கு மலைச்சாலை புரியும், எங்கே திரும்பும், எங்கே தண்ணீர் இறங்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஊகித்ததையெல்லாம் அறிந்ததுபோலச் சொல்லிக்கொண்டே வந்தேன். இந்தத் திருப்பம் தாண்டினால் ஊற்று வரும் என்றேன், பாறை வந்தது. அடுத்ததில் மூங்கில் என்றேன், ஊற்று வந்தது. மச்சான் மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் காட்டிக் கொடுக்கவில்லை.

"நீங்கள் எத்தனை தரம் இதில வந்திருக்கிறீங்கள்?" என்று ரோசம்மாள் கேட்டாள்.

"எத்தனையோ தடவை" என்றேன்.

மாசி மாதம். மஞ்சு இல்லை, மழை இல்லை, வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. இப்படி ஒரு நாள் வாய்த்தால் கண்டியில் வெள்ளைக்காரர்கள் எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போவார்கள். இரண்டு பக்கமும் மரங்கள் அடைத்திருந்ததால் கீழே எதுவும் தெரியவில்லை. மேலே நிமிர்ந்தால், இரண்டு திருப்பத்துக்கு அப்பால், மரங்களுக்கு இடையில் வெள்ளைக் கல் சுவர் ஒன்று வெயிலில் நின்றது. ரோசம்மாளும் பார்த்துவிட்டாள். எழுந்து நின்று வண்டியோர முளைக்குச்சியைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குக் கீழே சாலையின் குறுக்கே சங்கிலி கட்டியிருந்தது. மலையாளத்துக் காவல்காரன் ஒருவன், "நில்லு, நில்லு. சீட்டு எவிடெ?" என்று கை நீட்டினான். சீட்டை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்து, பக்கத்துக் குடிசையில் இருந்த ஓவர்சியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். ஓவர்சியர் மதுரைப் பக்கத்து மனிதர் போல இருந்தது. படித்ததும் முகம் மாறியது.

"கண்டியிலிருந்து ஆள் பார்க்க வந்திருக்கிறீரோ? என்ன துணிச்சல்! சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டு வருகிறீர்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்டி என்று ஒரு சொல், ஆள் பார்க்க என்று இன்னொரு சொல். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நம் பள்ளத்தாக்கில் அதற்கு ஒரே அர்த்தம்தான். தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணி. காய்ச்சலுக்குப் பயந்து ஆட்கள் ஓடிப்போய், வேலைக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிற இடத்துக்கு, கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நான் போய் நிற்கிறேன்.

"ஐயா, நான் பார்க்க வந்தது ஆளை இல்லை, இந்த வளைவை" என்றேன்.

"வளைவைப் பார்க்கக் கண்டியிலிருந்து வருவானா ஒருவன்?"

"புள்ளையையும் கூட்டிக்கிட்டு ஆள் புடிக்க வருவாகளா சாமி?" என்று மச்சான் குறுக்கே வந்தார்.

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றுதானே?" என்று அவர் திருப்பிக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இதற்கு முன்னால் எத்தனை தடவை இங்கே வந்திருக்கிறீர்? உண்மையைச் சொல்லும். பொய் சொன்னால் கீழே போலீஸ் கச்சேரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும்."

ரோசம்மாள் என் பக்கத்தில்தான் நின்றாள். எத்தனையோ தடவை என்று அரை நாழிகைக்கு முன் அவளிடம் சொல்லியிருக்கிறேன். அதையே இவரிடமும் சொன்னால் நான் பலமுறை வந்து போகும் கங்காணி ஆகிவிடுவேன், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கச்சேரியில் போய் உட்கார வேண்டும். இல்லை என்றால் அவள் முன்னால் பொய்யன்.  

மச்சானுக்கு நான் ஏன் முழிக்கிறேன் என்று புரியவில்லை. எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு உரத்துச் சொன்னார்.

"சாமி, சத்தியமாச் சொல்றேன். இவுக இந்த மலையில இன்னைக்குத்தான் கால வைக்கிறாக. எங்க மாமனாரு, இவுக அய்யா, வேலையத்துப் போய் ஏறக் கூடாதுன்னு விட்டதே இல்ல. ஊருக்கே தெரியும். வேணும்னா கேட்டுப் பாருங்க."

"அப்படியா?" என்று ஓவர்சியர் என்னைக் கேட்டார்.

"ஆமாம். முதல் தடவை" என்றேன்.

என் வாழ்க்கையில் இவ்வளவு சின்ன வாக்கியம் இவ்வளவு கனமாக இருந்ததில்லை. அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஓவர்சியர் நம்பிவிட்டார். ஆனாலும் சீட்டு தவறு, தவறான சீட்டோடு மேலே விட முடியாது என்று சொல்லிவிட்டார். இரண்டு திருப்பம்தான், போய்ப் பார்த்துவிட்டு உடனே வந்துவிடுகிறோம் என்று கெஞ்சினேன். முடியாது. நடந்து போகிறோம், வண்டி இங்கேயே நிற்கட்டும். முடியாது. கடைசியில் மச்சான் சொன்னதுதான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்புவது.

"சாமி, வண்டியத் திருப்பணும்னாலும் அங்கனதான் போகணும். இங்கன அகலம் பத்தாது. அந்த வளைவுலதான் எல்லா வண்டியும் திரும்பும்."

ஓவர்சியர் சாலையை அளப்பதுபோலப் பார்த்தார். "மாட்டை அவிழ்த்துவிட்டுக் கையால் திருப்புங்கள்" என்றார்.

மாட்டை அவிழ்த்தோம். மலையாளத்தானும் கை கொடுத்தான், அவன் நல்லவன்தான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். சக்கரத்துக்குக் கல் அணை கொடுத்து, தள்ளி, இழுத்து, மறுபடி கல் அணை கொடுத்து, கையெல்லாம் சிராய்த்துக்கொண்டு அந்த வண்டியைத் திருப்பினோம். வெள்ளைச் சுவர் தலைக்கு மேலே இருந்தது. ஒரு கல்லை எறிந்தால் போய் விழும் தூரம். சீமையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் மலையைக் காட்டுகிறவன் நான், என் சொந்த மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கினேன்.

6

இறங்கும் வழியிலேயே மச்சானுக்கும் ஏதோ தப்பாகப் போய்விட்டது என்று புரிந்துவிட்டது. கொட்டகையைத் தாண்டும்போது ரைட்டர், "என்னய்யா, ஆளப் பாத்தாச்சா?" என்று கேட்டார். இறங்கிப் போய் அவர் காதிலிருந்த பேனாவை முறிக்க வேண்டும்போல இருந்தது. 

அன்றிரவு நான் தூங்கவில்லை என்பதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை. காலையில் பிள்ளை புளியமரத்தடியில் நின்று மணியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன். மன்னிப்புக் கேட்கத் தகப்பனுக்கு நம்மிடம் சரியான வார்த்தை இல்லை.

"பெட்டியைக் கட்டு. போகலாம்" என்றேன். "நான் சொன்னது பொய். பேச்சுப்படி நீ என்னோடு திரும்பி வரலாம்."

அவள் மலைப்பக்கம் திரும்பினாள்.

"அந்த வெள்ளைச் சுவர் உண்மைதானே?" என்று கேட்டாள்.

"அது உண்மை. நீயும் பார்த்தாயே."

"அதுக்கு அங்கால என்ன இருக்கு எண்டு உங்களுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

"தெரியாது."

"நான் இங்க இருக்கிறன்" என்றாள். "நம்ம ரெண்டு பேரில ஒராளாவது பார்க்க வேண்டாமோ?"

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. என்மேல் கோபமா, இரக்கமா, பிடிவாதமா? அவள் அம்மாவும் இப்படித்தான், என்ன நினைக்கிறாள் என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியாது. எதற்காக வந்தேனோ அது நடந்துவிட்டது, பிள்ளை ஊரில் இருக்கச் சம்மதித்துவிட்டாள். ஆனால் வண்டியில் ஏறும்போது எனக்கு வென்றதாகத் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது. அக்கா முன்னால் அழுதேன்.

7

இப்போது கண்டியில் என் நாள் முன்போலவே ஓடுகிறது. விடிந்தால் லாயம், ரயில், வெள்ளைக்காரர்கள், மேல் வளைவு. பக்கத்தில் பிள்ளை உட்கார்ந்த இடத்தில் குதிரைக்குப் போடும் கம்பளியை மடித்து வைத்திருக்கிறேன். மாதம் ஒரு கடிதம் வரும். முதல் இரண்டு கடிதங்களில் "சுகமாக இருக்கிறன்" என்று எழுதினாள். பிறகு "றன்" போய் "றேன்" வந்தது. பிறகு "இங்கன" வந்தது, "எம்புட்டு" வந்தது. கண்டியில் இருந்தபோது என் ஊர்ப் பேச்சு அவளுக்கு வரவில்லையே என்று வருந்தினவன் நான். இப்போது அவள் எழுதுவதைப் படித்தால் என் பேச்சுத்தான் கண்டிப் பேச்சாக ஒலிக்கிறது.

நாலு நாளைக்கு முன் வந்த கடிதத்தை அப்படியே இங்கே எடுத்தெழுதுகிறேன்.

"அன்புள்ள அய்யாவுக்கு ரோசம்மாள் எழுதிக்கொண்டது. இங்கன நானும் அத்தையும் மாமாவும் சுகம். கோயில் மணிய இப்ப காலையில நான்தான் அடிக்கிறேன். புளியங்கொம்பு உசரமா இருக்குன்னு மாமா கயித்த நீட்டிக் கட்டிக் குடுத்தாக. போன செவ்வாக்கெழம மாமா வண்டியில சுண்ணாம்பு மூட்டைக்கு மேல உக்காந்து கணவாய்க்குப் போனேன். கணவாய்னா மீனுன்னு சொன்னத நெனச்சா எனக்கே சிரிப்பா வருது. சீட்டுல சுண்ணாம்புன்னு மட்டும்தான் எழுதுனாக, என்னைய எழுதவே இல்ல. வெள்ளச் செவருகிட்ட மாமா வண்டிய நிப்பாட்டுனாக. பாத்தேன். எல்லாம் நீங்க சொன்னபடியே இருக்கு. ஆறு தெரியுது. கம்மாய் எல்லாம் தெரியுது. மணிக்கூண்டும் வெள்ளையாத் தெரியுது. கிட்ட நின்னாத் தெரியாது, மலையில இருந்து பாத்தாத்தான் தெரியும்னு நீங்க சொன்னது நெசந்தான் அய்யா."

தினமும் காலையில் புளியமரத்து மணியைத் தன் கையால் அடிக்கிறவள் அதே கடிதத்தில் மணிக்கூண்டைப் பார்த்ததாக எழுதியிருக்கிறாள்.

ஆறும் கண்மாயும் அவள் நிஜமாகவே பார்த்ததா, அல்லது அவையும் மணிக்கூண்டோடு சேர்ந்தவையா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. நேற்று அந்தச் சீமாட்டி முன்னால் வாயடைத்து நின்றது அதனால்தான். என்ன தெரியும் என்று கேட்டால், என் மகளின் கடிதத்தைத்தான் சொல்ல வேண்டும்.

நாலு நாளாகப் பதில் எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். இன்று காலை வண்டி பூட்டுவதற்கு முன் எழுதி முடித்துவிட்டேன். சுகம், சுகமறிய ஆவல், குதிரைக்கு லாடம் மாற்றியது, மகன் வீட்டிலிருந்து வந்திருந்த யாழ்ப்பாணத்து அம்மாள் விசாரித்தது எல்லாம் எழுதிய பிறகு, கடைசியில் இப்படி எழுதினேன்:

"மகளே, மணிக்கூண்டைப் பற்றிச் சொன்னபோது ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அதன் உச்சியில் இரும்புச் சேவல் ஒன்று உண்டு. அடுத்த தடவை மலைக்குப் போகும்போது, அது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பார்த்து எழுது."